சேத்தன் சர்மாவும் மிஸ்பாவும்

1986, ஷார்ஜாவில் இந்தியா-பாகிஸ்தான் கிரிக்கெட் இறுதிப் போட்டி. கடைசிப் பந்து, பாகிஸ்தானுக்கு 4 ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். இந்தியாவின் 20 வயது பந்துவீச்சாளர் சேத்தன் சர்மா, பேட்ஸ்மேனின் காலடியில் விழும் யார்க்கர் போடப் பார்த்தார். பந்து கைநழுவி, தரையில் படாமலே பேட்டுக்கு வரும் ஃபுல்டாஸாகப் போனது. மியான்தாத் சிக்ஸர் அடித்தார்.

2007 ஜோகன்னஸ்பர்க் டி20 உலகக் கோப்பை இறுதியில், அதே இரு அணிகள், நிலைமை வேறு. பாகிஸ்தானின் மிஸ்பா உல் ஹக் முந்தைய பந்தில்தான் சிக்ஸர் அடித்திருந்தார். 4 பந்தில் 6 ரன் போதும். அப்போதும் கடைசி விக்கெட்தான். ஜோகிந்தர் சர்மாவின் பந்தை ஸ்கூப் செய்தார், அதாவது பின்பக்கமாகத் தூக்கிவிட்டார். பின்னால் ஷார்ட் ஃபைன் லெக்கில் நின்ற ஸ்ரீசாந்த் பிடித்துவிட்டார்.

சேத்தனுடையது கைநழுவிய பந்து; மிஸ்பாவுடையது அவரே தேர்ந்தெடுத்த ஷாட். நேராக அடிக்கவும் வழியிருந்தது. ஆனாலும் 77க்கு 6 விக்கெட் போன ஆட்டத்தை அதுவரை இழுத்து வந்ததே அவர்தான். அப்புறம் கேப்டனாகி, 2016-ல் பாகிஸ்தானை டெஸ்ட் தரவரிசையில் முதலிடத்துக்கும் கொண்டுபோனார். அதனால் அவர் பெயருக்கு அந்த ஸ்கூப் மட்டுமே அடையாளமாக நிற்கவில்லை.

சேத்தனுக்கு அந்த நியாயம் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். உலகக் கோப்பையின் முதல் ஹாட்ரிக் (அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட்) அவருடையது: 1987, நாக்பூர், நியூசிலாந்துக்கு எதிராக, மூன்றுமே போல்டு. அதைச் சொல்பவர்கள் குறைவு. ஷார்ஜா பந்தை மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள்.