மணலுக்கு மட்டும் வழிகாட்டி: ஆப்பிரிக்கக் காட்டில் தனியாக ஓட்டுவதா, வரிசையில் போவதா?

ஆப்பிரிக்காவின் தென்பகுதிக் காடுகளைக் கூடாரமடித்துச் சுற்றிப் பார்க்க மூன்று வழிகள் உண்டு. கூரைமேல் கூடாரம் பொருத்திய, நான்கு சக்கரமும் இழுக்கும் டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டியை வாடகைக்கு எடுத்துத் தனியாகப் போகலாம். அதே வண்டியை நாமே ஓட்டிக்கொண்டு, முன்னால் செல்லும் வழிகாட்டியின் வண்டியை நான்கைந்து வண்டிகளோடு வரிசையாகப் பின்தொடரலாம். இல்லையென்றால், இருபது பேர் வரை ஏற்றிச் செல்லும் சுற்றுலா லாரியில் ஓர் இருக்கை பிடிக்கலாம்.

லாரியை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். தனியாக வரும் இளைஞர்களுக்குச் செலவும் குறைவு, துணையும் கிடைக்கும். ஆனால் சிங்கத்தைக் கண்டால் எவ்வளவு நேரம் நிற்பது என்பது நம் கையில் இல்லை. உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். அதில் எது மேல் என்பதைப் போகிற இடம்தான் தீர்மானிக்கும்.

தென்னாப்பிரிக்காவின் க்ரூகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1926 முதல் தேசியப் பூங்கா. முக்கியச் சாலைகள் தார்ச்சாலைகள். வேக வரம்பு 50 கி.மீ. சந்திக்குச் சந்தி கைகாட்டி, பெரிய முகாம்களில் கடையும் பெட்ரோலும், முகாமைச் சுற்றி வேலி. சாதாரணக் காரே போதும். இந்தியாவைப் போலவே அங்கும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். நமீபியாவின் எட்டோஷாவில் சாலை சரளைக்கல், மற்றபடி இதே கதை. ஒகாகுவேயோ முகாமில் இரவெல்லாம் விளக்கெரியும் நீர்க்குட்டை ஒன்று இருக்கிறது. வேலிக்கு இப்பால் பெஞ்சில் உட்கார்ந்தபடி, தண்ணீருக்கு வரும் கறுப்புக் காண்டாமிருகத்தைப் பார்க்கலாம். இங்கெல்லாம் வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பது வெட்டிச் செலவு. போதாக்குறைக்கு, ஒரே குட்டையருகே இரண்டு மணி நேரம் காத்திருக்க நீங்கள் நினைத்தால், மற்ற நான்கு வண்டிக்காரர்களும் சம்மதிக்க வேண்டும்.

போட்ஸ்வானாவில் கணக்கு தலைகீழாகிறது. மவுன் என்ற ஊரிலிருந்து கசானே என்ற ஊருக்கு நாட்டா வழியாகச் சுற்றினால் ஏறக்குறைய 600 கி.மீ. தார்ச்சாலை, ஒரே நாளில் போய்விடலாம். மொரேமி, சவூட்டி, சோபே என்ற வனவிலங்குப் பகுதிகள் வழியே காட்டுக்குள் புகுந்து போகும் பாதை தூரத்தில் குறைவு, ஆனால் நாள்கணக்கில் ஆகும். நடுவில் பெட்ரோல் நிலையத்தை நம்ப முடியாது. கைப்பேசி பெரும்பாலும் ஊமைதான். டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி, வேகம் விடாமல் உருட்டினால்தான் சவூட்டிப் பக்கத்து மணலைக் கடக்க முடியும். மழைக்காலத்தில் மபாபே தாழ்நிலத்துக் கரிசல், சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும்.

மொரேமியில் வேடிக்கை வேறு. மொரேமி இருக்கும் ஒகவாங்கோ ஆற்றுக் கழிமுகத்துக்கு வரும் வெள்ளம் அங்கோலா மேட்டுநிலத்தில் பெய்த மழை; வந்து சேர மாதக்கணக்காகும். ஆகவே உள்ளூரில் சொட்டு மழையில்லாத ஜூன், ஜூலையில்தான் வாய்க்கால்கள் நிரம்புகின்றன. போன மாதம் கடந்த துறை இந்த மாதம் ஆழமாக இருக்கலாம். இறங்கிக் காலால் அளந்து பார்க்கலாமென்றால் முதலையும் நீர்யானையும் இருக்கின்றன. எந்தத் துறையில் இறங்கலாம் என்று நேற்று வந்த ஓட்டுநரிடம் கேட்டுவைத்திருக்கும் ஆள், இந்த இடத்தில்தான் கூலிக்குத் தகுதியாகிறார். வண்டிக்கு அடியில் சேரும் காய்ந்த புல் புகைபோக்கிச் சூட்டில் பற்றிக்கொள்ளும் என்பதும் புதியவருக்குத் தெரியாது. நல்ல வழிகாட்டி வண்டிகளை நிறுத்தச் சொல்லி, தானே மல்லாந்து படுத்து அடியிலிருந்து புல்லைப் பிடுங்குவார்.

வரிசைப் பயணத்தின் பெரிய குறை புழுதி. முதல் வண்டி சிறுத்தையைப் பார்க்கும். நான்காவது வண்டிக்கு அது புதருக்குள் போய்விட்ட செய்தி வாக்கி டாக்கியில் வரும். தினமும் இடம் மாற்றிவிடுவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். சைவ உணவுக்காரர்கள் சாப்பாட்டைப் பற்றியும் கேட்க வேண்டும். இரவுச் சமையல் பெரும்பாலும் தணலில் சுட்ட இறைச்சிதான். தனியாகப் போனால் நம் அரிசி, நம் பருப்பு. இறைச்சி உண்பவர்களுக்கு வேறொரு தொல்லை: கோமாரி நோயைத் தடுக்கப் போட்ட கால்நடை வேலிகளில், வடக்கிலிருந்து தெற்கே கொண்டுபோகும் பச்சை இறைச்சியைப் பறித்துக்கொள்வார்கள்.

இந்தப் போட்ஸ்வானா முகாம்களுக்கு வேலி இல்லாதது பலரைப் பயமுறுத்தும். சவூட்டியில் குளியலறையைச் சுற்றியே யானை புகாதபடி கனத்த சுவர் எழுப்பியிருக்கிறார்கள். கழுதைப்புலி, வெளியே விட்ட செருப்பைத் தூக்கிப்போகும். ஆனாலும் இந்தப் பயத்துக்காக வழிகாட்டியை அமர்த்த வேண்டியதில்லை. இருட்டியபின் கூடாரத்தைவிட்டு இறங்காமல், உணவை வண்டிக்குள் பூட்டிவைத்தால் போதும்.

ஆக, க்ரூகரிலும் எட்டோஷாவிலும் தனியாக ஓட்டுங்கள். மவுன் முதல் கசானே வரை மட்டும் வரிசையில் சேருங்கள் என்பேன். நண்பர்களோடு இரண்டு வண்டிகளாகப் போகிறவர்கள், மணலில் ஓட்டிய அனுபவமும் இருந்தால், அதையும் விட்டுவிடலாம். சிக்கிய வண்டியை மற்றது இழுத்துவிடும். காப்பீடு மட்டும் எந்த வழியில் போனாலும் உங்கள் தலையில்தான். தண்ணீரால் வரும் சேதத்தையும் வண்டியின் அடிப்பகுதிச் சேதத்தையும் பல வாடகை ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை. வழிகாட்டி கைகாட்டிய துறையில் இறங்கி இயந்திரம் கெட்டாலும், ஒப்பந்தத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து.

முன்பதிவிலும் வரிசைப் பயணத்துக்கு ஓர் அனுகூலம் உண்டு. மொரேமி, சவூட்டி முகாம்களில் இடங்கள் சொற்பம். ஜூலை முதல் அக்டோபர் வரையிலான நாட்கள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். தேதி தாமதமாக முடிவானால், ஏற்கெனவே இடம் பிடித்துவைத்திருக்கும் பயண நிறுவனத்தோடு போவதைத் தவிர வேறு வழியிருக்காது.