அரியமானிலிருந்து மண்டபத்துக்கு: நாயோடு ஒரு நாள் நடை

சென்ற மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கடற்கரையில் தொடங்கி மண்டபத்தில் முடியும் ஒரு நாள் கடலோர நடைக்கு, சிட்டு என்னும் என் நாட்டு நாயையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். உள்ளூர் இளைஞர்கள் சிலர் நடத்தும் இச்சேவைக்கு ஆளுக்கு 900 ரூபாயும் நாய்க்கு 150 ரூபாயும் வாங்குகிறார்கள். வழிகாட்டி, மதியச் சாப்பாடு, இரண்டு தேநீர்க்கடை நிறுத்தங்கள், வழியில் தேடிக் கண்டுபிடிக்க ஐந்து ஜியோகேச்சிங் (ஒளித்துவைத்த பெட்டியைக் கைப்பேசி வழிகாட்டத் தேடும் விளையாட்டு) பெட்டிகள், திரும்பி வர வேன் ஆகிய அனைத்தும் அந்தத் தொகைக்குள் அடக்கம். நடையும் கடைகளும் கொடுத்த பணத்துக்கு மேலாகவே இருந்தன. பெட்டி தேடும் பகுதியில் நிறையத் திருத்தம் வேண்டும். நாய்க்கென வாங்கிய 150 ரூபாய்க்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

முதலில் காலத்தைச் சொல்லிவிட வேண்டும். அரியமான் பாக் நீரிணைப் பக்கம் இருப்பதால், வாடைக் காற்று வீசும் மாதங்களில் கடல் கரையேறி வந்து நடக்கிற மணலையெல்லாம் நனைத்து வைத்திருக்கும். வாடை அடங்கிய மாசியிலும் பங்குனியிலும் அதே கடல் குளம்போலக் கிடக்கிறது. முழங்கால் ஆழத்தில் வெகுதூரம் நடந்து போகலாம் என்பதால், அலைக்கு அஞ்சும் நாய்கூட இங்கே தயங்காமல் இறங்கும். காலை ஆறரைக்குக் கிளம்பினோம். என் கைப்பேசிக் கணக்கில், தேடி அலைந்ததையும் சேர்த்துப் பதினோரு கிலோமீட்டர். பத்து மணிக்கு மேல் மணல் சுடத் தொடங்கிவிடும் என்பதால், நாய் வைத்திருப்பவர்கள் சவுக்குத் தோப்பு நிழலையோ ஈர மணலையோ விட்டு விலகாமல் நடப்பது நல்லது.

வழிகாட்டியாக வந்த பெரியவர் மீன்பிடித் தொழிலில் ஐம்பது வருடம் கழித்தவர். இந்தச் சேவையின் முழு மதிப்பும் அவர்தான் என்று சொன்னால் மிகையாகாது. வலை உதறிய ஓரிடத்தை நெருங்கும்போதே, "தம்பி, நாயைக் கிட்டத்துல இழுத்துப் புடிங்க, பேத்தை கிடக்கு" என்று குரல் கொடுத்தார். வலையில் அகப்படும் பேத்தை மீனை யாரும் உண்ணுவதில்லை என்பதால் மணலிலேயே எறிந்துவிடுகிறார்கள். அதன் நஞ்சு வெயிலில் காய்ந்தாலும் போகாது, ஒரு நாயைக் கொல்ல அதில் சிறு துண்டே போதும். கெளுத்தி முள், அறுந்த தூண்டில், கரை ஒதுங்கிய சொறி (ஜெல்லி மீன்) ஆகியவற்றை எப்படிக் கண்டு விலகுவது என்றும் போகிற போக்கில் காட்டிக்கொண்டே வந்தார். மீன் இறங்கும் இடங்களில் திரியும் ஊர் நாய்களை அவர் ஓர் அதட்டலில் ஒதுக்கியதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்த வேலை என்னால் ஆகியிருக்காது.

இனி ஜியோகேச்சிங். இடங்காட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் குறிகளில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியதும், மறுநாளே ஒருவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்துவைத்து அதன் அட்சரேகை தீர்க்கரேகைகளை இணையத்தில் வெளியிட்டதில் பிறந்த விளையாட்டு இது. பெட்டியைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரையும் தேதியையும் எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். கைப்பேசி நம்மைச் சில மீட்டர் அருகில் கொண்டுபோய் விடும், மிச்சத்தைக் கண்தான் பார்க்க வேண்டும். எல்லா மரமும் ஒன்றுபோல் நிற்கும் சவுக்குத் தோப்பில், துப்பு எதுவும் தராமல் பெட்டியை வைத்தால் அது விளையாட்டாகாது, தண்டனையாகும். முதல் பெட்டிக்கு எங்களுக்கு முக்கால் மணி நேரம் போயிற்று. தேடுவதன் கடினத்தையும் நிலத்தின் கடினத்தையும் 1 முதல் 5 வரை தனித்தனியாக முன்கூட்டியே சொல்லிவிடுவது இவ்விளையாட்டின் வழக்கம், அதையும் இவர்கள் செய்யவில்லை.

இரண்டாவது பெட்டியை மணலுக்குள் புதைத்திருந்தார்கள். பெட்டிக்காகக் குழி தோண்டக் கூடாது, உள்ளே தின்பண்டம் வைக்கக் கூடாது என்பவை இதன் அடிப்படை விதிகள். அந்த டப்பாவோ முன்பு கருவாடு வைத்திருந்த டப்பா. நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் சிட்டு நாலு பிராண்டு பிராண்டி வெளியே எடுத்துவிட்டது. எல்லோரும் சிரித்தோம் என்றாலும், இந்த மாவட்டக் கரையில் பங்குனி ஆமை ஏறி முட்டையிடும் பருவத்தில் நாய்க்கு மணல் தோண்டும் பழக்கத்தை ஏற்படுத்துவது நல்லதன்று. மூன்றாவது பெட்டி இன்னும் மோசம். கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு வள்ளத்தின் முன்முனையான அணியத்துக்குள் அதை ஒளித்திருந்தார்கள். உடையவர் இல்லாத நேரத்தில் வெளியூர்க்காரர்கள் ஒரு வள்ளத்தைத் துழாவுவதைப் பார்த்தால் ஊர் என்ன நினைக்கும்? பெரியவரே அதைத் தொட மறுத்துவிட்டார், நானும் தேடாமல் விட்டுவிட்டேன்.

இங்கிலாந்தில் இப்படிப்பட்ட நடைகளின் நடுவே மதுக்கூடங்களில் அமர்ந்து எழுவது வழக்கமாம். இங்கே அந்த இடத்தை ஓலைக் கொட்டகைத் தேநீர்க்கடைகள் நிரப்புகின்றன, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. முதல் கடையின் அக்கா நாயை உள்ளே விடமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, வெளிப் பெஞ்சில் எனக்குத் தேநீரும் சிட்டுவுக்கு இரண்டு பொறையும் கொண்டுவந்து வைத்தார். பொறைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். மதியச் சாப்பாடு ஒரு வீட்டுத் திண்ணையில், நகரை மீன் குழம்போடு. புளி முன்னால் நிற்க, முண்டு மிளகாயின் காரம் சற்றுப் பொறுத்து வந்து தொண்டையைப் பிடித்தது. ராமநாதபுரத்து முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததை இலையில் இருந்த குழம்பு நியாயப்படுத்தியது. விசைப்படகுகளுக்குத் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளில் போகிறவர்கள், என்ன மீன் கிடைக்கும் என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

என் பெரிய மனக்குறை தண்ணீர். நிறுத்தம்தோறும் நாய்களுக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்று பதிவு செய்தபோது உறுதி சொன்னார்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய நிறுத்தத்தில் காலி வாளிதான் இருந்தது. என் பையிலிருந்ததும் தீர்ந்துவிட்டதால், நான் கடையைத் தேடிப் போய்வருவதற்குள் சிட்டு கடல்நீரைக் குடித்து இருமுறை வாந்தி எடுத்துவிட்டது. நிழலில் படுக்கவைத்து, சிறிது சிறிதாக நல்ல தண்ணீர் கொடுத்தபின் ஒரு மணி நேரத்தில் தேறியது. அதற்காக எங்களோடு நின்ற மற்றவர்கள் நான்காவது பெட்டியைத் தேடாமலே வந்தார்கள்.

ஐந்தாவது பெட்டியை யோசித்தவர் யாரோ, அவரே மற்ற நான்கையும் வைத்திருக்கலாம். புயல் தனுஷ்கோடியை அழித்த ஆண்டிலிருந்து பழைய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்ட ஆண்டைக் கழித்து, வரும் எண்ணிக்கையில் ஒரு பனைமரத்திலிருந்து கிழக்கே அடியெடுத்து நடக்க வேண்டும். 1964இலிருந்து 1914 போக ஐம்பது. ஐம்பதாவது அடியில் நிமிர்ந்தால், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் தூக்குப் பகுதியும், கத்தரிபோல் இரு பக்கமும் விரிந்து கப்பலுக்கு வழிவிட்ட பழைய பாலமும் கண்முன் நின்றன. பெட்டி காலடியில் ஒரு கல்லிடுக்கில் இருந்தது. தாளில் என் பெயருக்குக் கீழே சிட்டுவின் பெயரையும் எழுதினேன்.

திரும்பும் வேனில் நாய்களுக்காகச் சாக்கு விரித்திருந்தார்கள். சொன்ன நேரத்துக்கு அரியமானில் கொண்டுவந்து விட்டார்கள். பங்குனி நடைக்கு மீண்டும் முன்பணம் கட்டியிருக்கிறேன், அந்தப் பெரியவர் வருவாரா என்று கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு. ஐந்து லிட்டர் தண்ணீரை நானே சுமந்து போவேன்.