மேலே 4700, உள்ளே 1000: 3,860 போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

கோபம் அடங்குறதுக்குள்ள எழுதிடணும்னுதான் இந்தப் பதிவு. போலி உதிரிபாகத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கடைசியில எழுதுறேன், அதுக்கு முன்னாடி நடந்ததைப் படிங்க.

பல வியாபாரிகள் கடை விரிக்கிற ஒரு ஆன்லைன் சந்தை. அதுக்குள்ள எலக்ட்ரானிக்ஸ் சாமான் மட்டும் விற்கிற ஒரு கடை. ஆர்டர் போட்டது 4700 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற சாமான், மைக்ரோஃபாரட் அதோட கொள்ளளவு) 20, ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட் (மின்சாரத்தைத் திறந்து மூடுற ஸ்விட்ச் மாதிரி) 25, மதிப்பு ஒரு சதவீதத்துக்கு மேல பிசகாத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் 600 அடங்கின டப்பா ஒண்ணு. மொத்தம் 3,860 ரூபாய். இதில் தேறினது ரெசிஸ்டர் டப்பா மட்டும்.

நம்பினதுக்குக் காரணம் ஒரே ஒரு படம். கெப்பாசிட்டரை மீட்டர்ல மாட்டி, திரையில 4,650 தெரியிற மாதிரி விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தாங்க. கம்பெனி டேட்டாஷீட் (விவரத்தாள்) படத்தை எவன் வேணாலும் ஒட்டலாம். மீட்டரோட அளந்து காட்டுறவனை எப்படிச் சந்தேகப்படுறது? போதாததுக்கு, "ஒரிஜினல்தானா?"ன்னு கேட்ட ரெண்டு நிமிஷத்தில் பதில் வந்துச்சு: "நூறு சதவீதம் ஒரிஜினல் சார், தைரியமா வாங்குங்க சார்." பணம் போற வரைக்கும்தான் அந்த சார். டப்பாவைப் பிரிச்சதும் முதலில் அளந்தது ரெசிஸ்டர். பத்து எடுத்தா பத்தும் ஒரு சதவீதத்துக்குள்ள நின்னுச்சு. அந்தத் தெம்பில் மத்ததை அளக்காமலே போர்டில் ஏத்தியாச்சு. தப்பு அங்கதான்.

போட்டது 12 வோல்ட் பவர் சப்ளை: 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசியா மாத்துற பிரிட்ஜ், ஒரு 4700 கெப்பாசிட்டர், அதுக்கப்புறம் 12 வோல்டை நிலையாக் கொடுக்கிற 7812 ரெகுலேட்டர். பள்ளிப் பையன் போடுற சர்க்யூட். 15 வோல்ட் ஏசியோட உச்சம் 21 வோல்ட் சொச்சம், பிரிட்ஜில் ரெண்டு டயோடு சேர்ந்து தின்னது போக 19.4 மிஞ்சும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் முழு அலையா மாத்தினா, 10 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை உச்சம் வரும். ரெண்டு உச்சத்துக்கு நடுவில் லோடுக்கு (மாட்டின கருவிக்கு) சோறு போடுறது கெப்பாசிட்டர்தான். 1 ஆம்பியர் இழுத்தா 4700 மைக்ரோஃபாரடில் 2.1 வோல்ட் இறங்கும், அடிமட்டம் 17.3. 7812-க்கு 14 வோல்ட் இருந்தா போதும், ஆக நிம்மதி.

வந்ததை அளந்தா 980. இதே கணக்கைப் போடுங்க: 10 வோல்ட் இறங்குது, அடிமட்டம் 9 சொச்சம். அதாவது வெளியே வர்ற 12 வோல்ட் செகண்டுக்கு நூறு தடவை குழியில் விழுந்து எழுந்திருக்குது. ஆம்ப்ளிஃபயர் மாட்டினா ம்ம்ம்னு உறுமல். மல்டிமீட்டர் டிசியில் சராசரியைத்தான் காட்டும், 11 சொச்சம்னு சொல்லும். அதைப் பார்த்தா ரெகுலேட்டர் போச்சுன்னு தோணும், அதை மாத்துவீங்க. அப்புறம் டிரான்ஸ்ஃபார்மரைத் திட்டுவீங்க. புது கெப்பாசிட்டர் மேல யாரும் கை வைக்க மாட்டாங்க. இந்தத் திருடனுங்க பிழைப்பு ஓடுறதே அதில்தான்.

ஒண்ணை அறுத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறையைக் கிழிச்சு, அலுமினியக் கூட்டை அடியில் சுத்தி அறுத்து இழுத்தா, உள்ளே இன்னொரு குட்டிக் கெப்பாசிட்டர்! அதன் உறைகூட உரிக்கலை. 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட்னு அழகா அச்சடிச்சிருக்கு. அதன் கால்களை வெளிக் கால்களோட சேர்த்துப் பத்தவெச்சு, மிச்ச இடத்தில் வெறும் காத்து. நல்ல கெப்பாசிட்டருக்குள் ஃபாயில் சுருளும் ஈரக் காகிதமும் கூட்டை நிறைச்சு நிக்கும். கொள்ளளவுப் பொய்யைவிட வோல்டேஜ் பொய் மோசம். 50-ன்னு நம்பி 35 வோல்ட் லைனில் மாட்டியிருந்தா, 25 வோல்ட் குட்டி சூடேறி வெடிக்கும். குனிஞ்சு பார்க்கிறவன் கண்ணு என்ன ஆகுறது?

மாஸ்ஃபெட் கதை வேற. ஐஆர்எல்-இல் இருக்கிற அந்த 'எல்' எழுத்துக்குத்தான் காசு. மாஸ்ஃபெட்டுக்கு மூணு கால்: கேட்டில் வோல்டேஜ் கொடுத்தா டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் வழி திறக்கும். 'எல்' ரகம் கேட்டில் 5 வோல்ட் கொடுத்தாலே முழுசாத் திறக்கும், ரெசிஸ்டன்ஸ் 25 மில்லி ஓமுக்கு மேல போகாது. 3 ஆம்பியருக்கு வீணாகிறது கால் வாட்கூட இல்லை. விரலை வெச்சா லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். வந்த உருப்படியில் அதே 3 ஆம்பியருக்கு டிரெயின், சோர்ஸ் நடுவில் 1.1 வோல்ட் நின்னுச்சு. 3.3 வாட். சூட்டை வெளியேத்துற ஹீட்சிங்க் இல்லாத டிஓ-220 உறையில் (இந்த மாஸ்ஃபெட்டோட உறை வகை) வாட்டுக்கு 62 டிகிரி ஏறும். பெருக்கிப் பார்த்தா 200 தாண்டுது. இந்த மாஸ்ஃபெட்டுக்குள்ள இருக்கிற சிலிக்கானோட எல்லையே 175.

த்ரெஷோல்டு (மாஸ்ஃபெட் திறக்கத் தொடங்குற கேட் வோல்டேஜ்) அளந்ததில் குட்டு உடைஞ்சுது. கேட்டையும் டிரெயினையும் சேர்த்துக் கட்டி, 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸில் இருந்து 33 கிலோ ஓம் வழியா அங்கே கொடுங்க. சோர்ஸ் மைனஸுக்கு. டிரெயின், சோர்ஸ் நடுவில் மீட்டரை வைங்க. உண்மையான ஐஆர்எல்இசட்44என் 1-க்கும் 2-க்கும் நடுவில் காட்டும். இது காட்டினது 3.8. 'எல்' இல்லாத சாதாரண ஐஆர்எஃப்இசட் ரகமோ, அதைவிட மட்டமோ, மேல் எழுத்தை மட்டும் மாத்திட்டாங்க. அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைச்சா கறுப்புப் பூச்சே கையோட வந்துச்சு. 25-லயும் ஒரே தேதிக் குறி. ஆனா உறையில் அச்சு வார்த்த குழி மூணு விதம். ஒரே வாரத்தில், ஒரே லாட்டில் வந்த சரக்கு எப்படி மூணு விதமா இருக்கும்?

சரி, திருப்பிக் கேட்டா? முதல் பதில்: "எலக்ட்ரோலிட்டிக்ல டாலரன்ஸ் உண்டு." உண்டுதான், இந்த ரகக் கெப்பாசிட்டரில் கூடக்குறைய 20 சதவீதம். 4700-க்கு அது குறைஞ்சபட்சம் 3760. 980 எந்த ஊர் டாலரன்ஸ்? ரெண்டாவது: "உங்க மீட்டர் சரியில்லை." அதுக்கு மீட்டரே வேணாம்னு 10 கிலோ ஓம் வழியா 12 வோல்டில் சார்ஜ் பண்ணி வீடியோ அனுப்பியாச்சு. 4700-ஆ இருந்தா 7.6 வோல்டைத் தொட 47 செகண்ட் ஆகணும். இது பத்தே செகண்டில் தொட்டுடுச்சு. மூணாவது பதில்: "சால்டர் பண்ணின சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாது." சால்டர் பண்ணாத 17 கெப்பாசிட்டர் அப்படியே இருக்குன்னு சொன்னா, "பார்சல் பிரிக்கிற வீடியோ இருக்கா?" அதோட கடைக்காரன் மௌனம்.

சந்தையின் புகார்ப் பிரிவு இன்னும் மேல. ஏழு நாள் கெடு முடிஞ்சதாம். கெடுவுக்குள்ள கடைக்காரன் இழுத்தடிச்ச உரையாடல் அவங்க தளத்திலயே இருக்கு, அதைப் படிக்க ஆளில்லை. புகாரை 'தீர்க்கப்பட்டது'ன்னு மூடிட்டு, அடுத்த வாங்கலுக்கு 150 கூப்பன் அனுப்பியிருக்காங்க. 3,860 போனவனுக்கு 150! அதுவும் அதே கடையில் செலவழிக்கணுமாம்.

கண்டுபிடிக்கிற வழியை விரிவா எழுதலாம்னு உட்கார்ந்தேன், இதுவே நீண்டுடுச்சு. அவசரத்துக்கு இது மட்டும்:

பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்க. ஒவ்வொரு வகையிலும் ரெண்டு உருப்படியை அன்னிக்கே அளங்க. ரெசிஸ்டர் சரியா இருக்குன்னு மத்ததை விட்டுடாதீங்க. பெரிய கெப்பாசிட்டரைக் கையில தூக்கிப் பாருங்க, நல்லதோட சேர்த்துத் தூக்கினா எடை வித்தியாசம் தெரியும். ஆட்டினா உள்ளே ஏதாவது உருண்டா தூக்கிப் போடுங்க. அறுக்கிறதா இருந்தா முதல்ல 100 ஓம் வழியா டிஸ்சார்ஜ் பண்ணிட்டு, கண்ணாடி போட்டுக்கிட்டு அறுங்க. மீட்டர் படத்தை நம்பாதீங்க.

3,860. இன்னும் வரலை.