பென்சில் பேட்டரியா, தனி பேட்டரியா? பழைய காம்பாக்ட் கேமராக்கள் ஓர் ஒப்பீடு

பழைய காம்பாக்ட் டிஜிட்டல் கேமரா ஒன்றை அன்றாடப் பயன்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தபோது என் முன் மூன்று கேமராக்கள் இருந்தன: 2006-இல் வெளிவந்த கேனன் பவர்ஷாட் ஏ640, 2009-இல் அதே நிறுவனம் வெளியிட்ட எஸ்90, 2006-ஐச் சேர்ந்த ஃபியூஜிஃபில்ம் ஃபைன்பிக்ஸ் எஃப்30. படத்தின் தரம் ஒன்றே அளவுகோல் என்றால் எஸ்90-ஐத்தான் எடுத்திருக்க வேண்டும். நான் எடுத்துக்கொண்டது ஏ640-ஐ. அதற்குள் போடப்படும் நான்கு பென்சில் பேட்டரிகளே அதற்குக் காரணம். எஸ்90-ஐயும் நன்றாகவே பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். எஃப்30 இரவல் வாங்கியது. ஆகவே அதைப் பற்றி நான் சொல்வதைச் சற்றுக் குறைத்தே மதிப்பிட வேண்டும்.

கைபேசி இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வியைச் சில வரிகளில் கடந்துவிடலாம். இருட்டிலும் எதிர்வெளிச்சத்திலும் காணொளியிலும் இன்றைய கைபேசியே மேல். கண்ணிமைக்கும் நேரத்தில் பல படங்களை எடுத்து அவற்றை ஒன்றாக்கிக் கொடுக்கும் கருவியோடு, ஒரு தடவைக்கு ஒரே படம் எடுக்கும் பழைய கேமரா போட்டியிட முடியாது. உண்மையான ஆப்டிகல் ஜூம், செனான் ஃபிளாஷ், விரலுக்குப் பிடிபடும் ஷட்டர் பொத்தான், அழைப்பும் அறிவிப்பும் குறுக்கிடாத ஒரு பொருள் ஆகியவை வேண்டும் என்பவருக்கே இந்தக் கேமராக்கள்.

படத்தைப் பொறுத்தவரை மூன்றுமே நல்ல வெளிச்சத்தில் இன்றும் தலைநிமிர்ந்து நிற்கின்றன. ஏ640-இல் 10 மெகாபிக்சல் கொண்ட 1/1.8 அங்குல சிசிடி சென்சாரும் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லின் ஒரு வகை), 35 எம்எம் ஃபிலிம் கேமராக் கணக்கில் 35 மில்லிமீட்டரிலிருந்து 140 மில்லிமீட்டர் குவியத்தூரம் வரை நீளும் நான்கு மடங்கு ஜூமும் இருக்கின்றன. எஸ்90-இலும் 10 மெகாபிக்சல்தான். ஆனால் அதன் லென்ஸ் 28 மில்லிமீட்டரில் தொடங்குவதால் சிறிய அறைக்குள்ளும் எல்லோரையும் அடக்கிவிடலாம், அந்த அகல முனையில் எஃப்/2 வரை (எண் சிறிதானால் லென்ஸின் துவாரம் பெரிது) திறப்பதால் ஏ640-இன் எஃப்/2.8-ஐப் போல இரு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. சென்சார் பதிந்ததை அப்படியே ரா வடிவில் சேமிக்கும் வசதியும் எஸ்90-இல் தொடக்கத்திலிருந்தே உண்டு. ஏ640-இல் அதே வசதி வேண்டுமென்றால் ஆர்வலர்கள் எழுதிய சிஎச்டிகே என்ற மென்பொருளை மெமரி கார்டிலிருந்து ஏற்றியாக வேண்டும். எஃப்30-இல் 6 மெகாபிக்சலே இருந்தாலும், குறைந்த ஒளியில் அது தன் காலத்துச் சிறு கேமராக்களை விஞ்சி நின்றதற்குப் பேர்போனது. நான் பார்த்த வரையில் அந்தப் பெயர் பொய்யல்ல. ஏ640-இல் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண் 400-ஐத் தாண்டினால் நிழற்பகுதிகளில் புள்ளிகள் மண்டத் தொடங்குகின்றன. நான் அதை 80-இலோ 100-இலோ வைத்துவிட்டு, வெளிச்சம் போதாதபோது ஃபிளாஷைப் போட்டுக்கொள்கிறேன். சிசிடி சென்சாருக்கென்றே ஒரு தனி நிறம் உண்டு என்று இப்போது பரவலாகச் சொல்லப்படுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சென்சாருக்கு மேலுள்ள வண்ண வடிகட்டிகளும், கேமரா ஜேபெக் கோப்பை ஆக்கும் முறையும்தான் நிறத்தில் பெரும்பங்கு வகிக்கின்றன என்றே நினைக்கிறேன்.

கையில் பிடிப்பதிலும் சட்டைப் பையில் போடுவதிலும் வேறுபாடு தெளிவானது. எஸ்90 பேட்டரி இல்லாமல் ஏறத்தாழ 175 கிராம். ஏ640 அதேபோல் 245 கிராம், நான்கு செல்களையும் போட்டால் 350 கிராம் அளவுக்கு வந்துவிடும். எஸ்90-இன் மூன்று அங்குலத் திரை தெளிவானது, ஏ640-இன் இரண்டரை அங்குலத் திரை இன்றைய கண்ணுக்கு மங்கல். ஆனால் அந்த மங்கல் திரை வெளியே விரிந்து எந்தப் பக்கமும் திரும்பும். கூடவே கண்ணை வைத்துப் பார்க்கும் சிறிய ஆப்டிகல் வியூஃபைண்டரும் இருக்கிறது. அது படத்தின் முழுப் பரப்பையும் காட்டாது என்றாலும், உச்சி வெயிலில் திரை தெரியாமல் போகும்போது உதவும். திரையை அணைத்துவிட்டு அதன் வழியே படமெடுத்தால் பேட்டரியும் மிச்சமாகும்.

இதுவரை சொன்னவற்றைக் கூட்டிக் கழித்தால் எஸ்90 முன்னே நிற்கும். அந்தக் கணக்கை மாற்றுவது பேட்டரி.

எஸ்90-இலும் எஃப்30-இலும் இருப்பது தனி வடிவில் செய்யப்பட்ட லித்தியம்-அயான் பேட்டரி. அதன் வயதை இரண்டு வகையில் கணக்கிட வேண்டும். எத்தனை முறை சார்ஜ் ஏறி இறங்கியது என்பது ஒன்று. தயாராகி எத்தனை ஆண்டு ஆயிற்று என்பது மற்றொன்று. இரண்டாவதைப் பலர் கணக்கில் கொள்வதில்லை. ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் பெட்டிக்குள்ளேயே கிடந்தாலும் உள்ளே வேதிமாற்றம் நடந்துகொண்டேயிருக்கிறது. மின்முனையின் மேல் படியும் படலம் தடித்து, கொள்ளளவு குறைந்து, உள்தடை ஏறுகிறது. ஆகவே எஸ்90-உடன் வந்த ஒரிஜினல் என்பி-6எல் பேட்டரி உறை பிரிக்காமல் இன்று கிடைத்தாலும் அதைப் புதியது என்று சொல்ல முடியாது. ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்து மின்னழுத்தம் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்ட பேட்டரியைப் பல சார்ஜர்கள் ஏற்கவே மறுக்கும்; அந்த மறுப்பு நம் பாதுகாப்புக்காகத்தான், அந்த நிலையிலிருந்து அதை வலிந்து உயிர்ப்பிப்பது நல்லதும் அல்ல.

அப்படியானால் வேறு நிறுவனங்கள் செய்யும் மாற்று பேட்டரிதான் வழி. அங்கே தரம் எப்படியிருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மேலே அச்சிட்ட மில்லியாம்ப்-மணிக் கணக்குக்கும் (கொள்ளளவு) உள்ளே உண்மையில் இருப்பதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கலாம். எனக்கு வாய்த்த ஒரு மாற்று பேட்டரி ஓராண்டுக்குள் உப்பியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, கேமராவிலிருந்து எடுக்கும்போது மட்டும் வழக்கமாகத் துள்ளி வருவது விரல் நகத்தால் நெம்பிய பிறகே வந்தது. கண்ணாடிப் பலகையின் மேல் வைத்து ஒரு மூலையைச் சுண்டியபோது பம்பரமாய்ச் சுழன்றது. தட்டையான பேட்டரி அப்படிச் சுழலாது. பழைய கேமரா வாங்கும் எவரும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். உப்பியது உள்ளேயே சிக்கிக்கொண்டால் கேமராவும் அதோடு போயிற்று.

நேர்மையாகச் சொன்னால் தனி பேட்டரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே கதி இல்லை. எஃப்30-க்கான என்பி-95 பேட்டரியைத்தான் ஃபியூஜி பின்னாளில் எக்ஸ்100, எக்ஸ்100எஸ், எக்ஸ்100டி ஆகிய கேமராக்களிலும் பயன்படுத்தியது. அந்த வரிசையை இன்றும் பலர் கையில் வைத்திருப்பதால் பேட்டரிக்கு இன்னும் தேவை இருக்கிறது, ஆகவே கிடைக்கிறது. எஸ்90-இன் என்பி-6எல்லும் பல மாதிரிகளில் பயன்பட்ட ஒன்றுதான், ஆகவே அது உடனே அற்றுப்போகும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு கேமராவுக்கென்று செய்யப்பட்ட பேட்டரிகளின் நிலைதான் பரிதாபம்.

ஏ640-இன் கதை வேறு. அது கேட்பது பென்சில் பேட்டரி எனப்படும் ஏஏ அளவு செல். அந்த அளவைக் கடிகாரமும் ரிமோட்டும் பொம்மையும் டார்ச்சும் கேட்டுக்கொண்டே இருக்கும் வரை அது எங்கும் போகாது. அதைவிட முக்கியமானது, இந்தக் கேமரா வடிவமைக்கப்பட்ட பிறகும் அதன் செல்கள் மேம்பட்டுக்கொண்டே வந்திருக்கின்றன. அன்றைய சாதாரண நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல்களை முழுதாக ஏற்றி வைத்தாலும் சில வாரங்கள் சும்மா கிடந்தால் சார்ஜ் கணிசமாகக் கசிந்துவிடும்; படமெடுக்க நினைத்த நாளில் கேமரா கண்ணைத் திறக்காது. ஏ640 வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2005 நவம்பரில், சான்யோ நிறுவனம் எனலூப் என்ற பெயரில் தானாகக் கசியும் அளவு மிகக் குறைந்த செல்களைக் கொண்டுவந்தது. பிறகு மற்றவர்களும் அதே வழிக்கு வந்தனர். இன்று அத்தகைய நான்கு செல்களைப் போட்டு மாதக்கணக்கில் மறந்துவிட்டாலும் கேமரா உடனே விழிக்கிறது. வெளிவந்த காலத்தைவிடப் பல ஆண்டுகள் கழித்து ஒரு மின்னணுக் கருவி நன்றாக ஓடுவது அபூர்வம். இங்கே அதுதான் நடக்கிறது. அவசரத்துக்குச் சாதாரண ஆல்கலைன் செல்லும் போதும், நீண்ட நேரம் தாங்காது என்பதைத் தவிர.

இதற்கும் பராமரிப்பு உண்டு, சொல்லாமல் விடக்கூடாது. நான்கு செல்களும் தொடர் இணைப்பில் இருப்பதால் ஒன்று சோர்ந்தாலும் நான்கும் சோர்ந்ததாகவே கேமரா எடுத்துக்கொள்ளும். மீதி மூன்று செல்கள் அந்த ஒன்றின் வழியே மின்னோட்டத்தைத் தள்ளி, அதன் முனைகளைத் தலைகீழாக்கிப் பாழாக்கவும் கூடும். ஆகவே நான்கையும் ஒன்றாக வாங்கி, ஒன்றாக ஏற்றி, ஒரு செட்டாகவே வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கவனித்து ஏற்றும் சார்ஜர் நல்லது. சார்ஜ் நிறைந்த செல்களைப் போட்டும் பேட்டரி தீர்ந்தது என்ற எச்சரிக்கை வந்தால் பெரும்பாலும் குற்றம் செல்லினுடையது அல்ல. ஜூம் மோட்டார் சுழலும்போதும் ஃபிளாஷ் சார்ஜ் ஏறும்போதும் கேமரா திடீரென்று அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது. தொடுமுனைகளில் அழுக்கோ ஆக்ஸைடு படலமோ இருந்தால் அந்த நொடியில் மின்னழுத்தம் சரிந்துவிடுகிறது. காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஆல்கஹால் நனைத்து முனைகளைத் துடைத்தால் பல கேமராக்கள் எழுந்து உட்காரும். பழைய ஆல்கலைன் செல் ஒழுகி வெள்ளையாகப் பூத்திருந்தால் அது காரம். முதலில் ஒரு சொட்டு வினிகர், பிறகு ஆல்கஹால். ஸ்பிரிங் அரித்துப்போய்விட்டால் இந்த வைத்தியம் பலிக்காது.

ஏஏ அளவிலேயே 3.7 வோல்ட் லித்தியம் செல்களும் விற்கின்றன. அவற்றை இந்தக் கேமராவில் போடவே கூடாது. யுஎஸ்பி வழியே ஏற்றும் 1.5 வோல்ட் லித்தியம் செல்கள் வேறு வகை. அவற்றை நான் கொஞ்சமே பயன்படுத்தியிருக்கிறேன். கடைசி வரை ஒரே மின்னழுத்தத்தைக் காட்டிவிட்டுச் சட்டென்று அணைவதால் கேமராவுக்கு எச்சரிக்க நேரம் கிடைப்பதில்லை. நீண்ட கால அனுபவம் எனக்கு இல்லாததால் பரிந்துரைக்கத் தயங்குகிறேன்.

மெமரி கார்டைப் பொறுத்தவரை கேனன் இரண்டும் எஸ்டி கார்டை ஏற்பதால் பிரச்சினை இல்லை. எஃப்30-ஐ நான் விட்டதற்கு இதுதான் காரணம்: அது ஏற்பது எக்ஸ்டி கார்டை மட்டும். ஒலிம்பஸும் ஃபியூஜியும் 2002-இல் கொண்டுவந்த அந்த வடிவம் 2 ஜிபியோடு நின்றுபோனது, அந்த நிறுவனங்களே பின்னர் எஸ்டிக்கு மாறிவிட்டன. பேட்டரி புதிதாகக் கிடைத்தும் கார்டைப் பழைய சாமான்களுக்குள் தேடவேண்டிய கேமரா என்னைப் பொறுத்தவரை பாதிக் கேமராதான்.

பழுது விஷயத்தில் என்னால் தீர்ப்பு சொல்ல இயலாது. லென்ஸ் நீண்டு சுருங்கும் எந்தக் காம்பாக்ட் கேமராவுக்கும் மணல் துகள் எமன். அதில் மூன்றும் ஒன்றே. ஏ640-இல் செல்களின் ஸ்பிரிங் அழுத்தத்தை ஓயாமல் தாங்குவது பேட்டரி மூடியின் சிறு பிளாஸ்டிக் கொக்கிதான் என்பதும், திருப்பும் திரைக்குப் போகும் கேபிள் ஒவ்வொரு திருப்பத்திலும் மடங்கி நிமிர்கிறது என்பதும் எனக்குச் சிறு கவலைகள். பல்லாண்டு வெப்பமும் ஈரமும் சென்சாரை என்ன செய்யும் என்பது இன்னொரு கவலை. சோனி தயாரித்த சில சிசிடி சென்சார்கள் அத்தகைய சூழலில் பழுதாவது 2005-இல் தெரியவந்து, அவற்றை வாங்கிப் பயன்படுத்திய பல கேமரா நிறுவனங்கள் இலவசமாகப் பழுதுநீக்க நேர்ந்தது. ஏ640 அதற்குப் பின் வந்தது என்பது ஓரளவு ஆறுதல்.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிய வேண்டும், ரா கோப்புகளைத் திருத்திப் பழக வேண்டும் என்பவர் எஸ்90-ஐயே எடுக்கலாம். நல்ல மாற்று பேட்டரி இரண்டை வாங்கி, பாதி சார்ஜில் குளுமையான இடத்தில் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தட்டும். வாங்கும் நேரத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஏ640-ஐப் பார்க்கப் போகிறவர் தன்னுடைய சார்ஜ் ஏற்றிய நான்கு செல்களையும் ஒரு எஸ்டி கார்டையும் கையோடு கொண்டுபோனால் ஜூம், ஃபிளாஷ், திரை எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சோதித்துவிடலாம். எஸ்90-ஐப் பார்க்கப் போகிறவர் விற்பவரிடம் இருக்கும் பேட்டரி எந்த நிலையில் இருக்கிறதோ அதை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். அது உயிரில்லாமல் இருந்தால் கேமராவும் அப்படித்தானா என்பது பணம் கொடுத்த பிறகே தெரியும்.