ஓராண்டாக ஆடிய அமெச்சூர் கோல்ஃப் தொடர்: என் மதிப்பீடு

வட கரோலினாவில், கிளப் உறுப்பினர் அல்லாதவர்களுக்காகப் பொதுத் திடல்களில் நடத்தப்படும் ஒரு வட்டாரத் தொடரில் சென்ற ஆண்டு சேர்ந்தேன். ஆண்டுச் சந்தா சிறியது. ஆடும் போட்டிகளுக்கு மட்டும் தனிக்கட்டணம் செலுத்தினால் போதும்.

என்னை ஈர்த்தது ஹேண்டிகேப் முறைதான்: திறன் குறைந்தவரும் சமமாகப் போட்டியிட, அவர் பந்தை அடித்த எண்ணிக்கையில் சில அடிகளைச் சலுகையாகக் கழிக்கும் முறை இது. 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையின்படி, கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8 ஆட்டங்களின் சராசரியைக் கொண்டே ஒருவரின் குறியெண் கணக்கிடப்படுகிறது. என் குறியெண் 18.4, ஆனால் ஸ்லோப் மதிப்பு (திடலின் கடினத்தைக் காட்டும் எண்) 131 உள்ள கடினமான திடலில், குறியெண்ணை 131ஆல் பெருக்கி, நிலையான மதிப்பான 113ஆல் வகுத்துக் கணக்கிட்டபோது எனக்கு 21 அடிகள் சலுகையாகக் கிடைத்தன. வேண்டுமென்றே மோசமாக ஆடிக் குறியெண்ணை உயர்த்தி வைத்திருப்பவர்களுக்கும் கடிவாளம் உண்டு: குறியெண்ணைவிட 7 அடிகளோ அதற்கு மேலோ சிறப்பாக ஆடினால், அது தானாகவே கூடுதலாகக் குறைக்கப்படும்.

நண்பர்களுடன் ஆடும்போது குழிக்கு இரண்டடித் தொலைவில் உள்ள பந்தை "போதும், எடுத்துக்கொள்" என்று விட்டுவிடுவோம். இங்கே அதையும் குழிக்குள் தள்ளியே ஆக வேண்டும். முதல் போட்டியில் அத்தகைய மூன்றைத் தவறவிட்டேன், கை நடுங்கியது. மதிப்பெண் அட்டையைச் சக ஆட்டக்காரர் எழுத, இருவரும் கையொப்பமிட்ட பிறகே ஒப்படைக்கிறோம்.

குறை ஒன்று உண்டு: ஆட்டம் மிக மெதுவாக நகர்கிறது. ஒரு சனிக்கிழமை 18 குழிகளை முடிக்க ஐந்தரை மணி நேரம் ஆயிற்று. தாமதிப்போரை எச்சரிக்க ஒருவரும் வரவில்லை. ஆயினும் இந்த ஆண்டுக்கும் சந்தா கட்டிவிட்டேன்.