காலிங்கராயன் கரையா, பல்லடத்துப் பாறையா?

தரைக்கு அடியில் 10, 15 மீட்டர் இறங்கிவிட்டால் சித்திரையும் மார்கழியும் ஒன்றுதான். கொங்குச் சமவெளியில் அங்கே ஆண்டு முழுக்க 27 முதல் 30 டிகிரி வரை நிற்கும். ஸ்வீடன்காரர்கள் 10 டிகிரிகூட இல்லாத பாறையிலிருந்து சூடு எடுத்து வீட்டைக் கதகதப்பாக்குகிறார்கள். நமக்கு வீடு சூடாக வேண்டாம், சுடுதண்ணீர் வேண்டும். அதற்கு எந்த ஊரில் குழாய் இறக்கலாம்?

ஒரு வழி, கிணற்றுத் தண்ணீரை எடுத்து, சூட்டை மட்டும் ஹீட் பம்பில் (மின்சாரத்தால் சூட்டைக் குளிர்ந்த இடத்திலிருந்து இழுத்துச் சூடான இடத்துக்குத் தள்ளும் கருவி) வாங்கிக்கொண்டு, தண்ணீரை வேறொரு கிணற்றில் திருப்பி விடுவது. நொடிக்கு 1 லிட்டர் தண்ணீரை 5 டிகிரி குளிரவைத்தாலே ஏறக்குறைய 21 கிலோவாட் கிடைத்துவிடும். மேலாகவே தண்ணீர் ஊறும் ஈரோட்டுக் காலிங்கராயன் வாய்க்கால் ஓரத்துக்கு இதுதான் மலிவு. திருப்பி விடும் கிணறு நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் தள்ளி இருக்க வேண்டும், அவ்வளவுதான். நொய்யல் கரையில் இதை நான் சேர்க்கவே மாட்டேன். சாயக்கழிவின் உப்பு இறங்கிய நிலத்தடி நீர் கருவிக்குள் உப்புப் படிய வைத்து அடைத்துவிடும்.

மற்றது, போருக்குள் வளைகுழாய் இறக்கி, அதற்குள்ளேயே தண்ணீரைச் சுற்ற விடுவது. நிலத்து நீரைத் தொடுவதே இல்லை. பல்லடம், காங்கயம் பக்கம் தண்ணீர் வராமல் புகையோடு முடிந்த ஆறரை இஞ்ச் போர்கள் எத்தனை! கேசிங் பைப்புக்குக் கீழே முழுக்கக் கெட்டிப் பாறை, காய்ந்த மணலைவிடப் பல மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். குழாயைச் சுற்றிக் காற்று நின்றால் வேலைக்காகாது, பென்டோனைட் என்ற களிமண் கலவை ஊற்றி நிரப்ப வேண்டும். திறந்து கிடக்கும் குழியும் அதோடு மூடப்படும் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் கணக்கு கறாரானது. மீட்டருக்கு 50 வாட் என்று வைத்தால், 1000 அடி போருக்கு 15 கிலோவாட்தான். மணிக்கு 1 டன் நீராவி தரும் பாய்லருக்கு ஈடாக நாற்பதுக்கு மேல் போர் வேண்டும். சாயப்பட்டறைக்கு இதை நம்பி இறங்கக் கூடாது.

சரி, இவ்வளவு சூடான ஊரில் காற்றிலிருந்தே சூடு எடுக்கலாமே? சுடுதண்ணீர் மட்டும் போதுமென்றால் தாராளமாக எடுக்கலாம், போரே வேண்டாம். குளிரும் சூடும் பக்கத்துப் பக்கத்தில் தேவைப்படும் இடத்தில்தான் நிலம் ஜெயிக்கிறது. வெளியே 39 டிகிரி கொளுத்தும்போது ஏசியின் சூட்டை 28 டிகிரிப் பாறைக்குள் தள்ளுவது எளிது. அதே சூட்டை அப்புறம் விடுதியின் குளியல் தண்ணீருக்கு எடுத்துக்கொள்ளலாம். எடுக்க ஆளில்லாமல் தள்ளிக்கொண்டே இருந்தால் ஆண்டுக்கு ஆண்டு பாறை சூடேறிப் போகும்.

அதனால் பாறையும் நீர்மட்டமும் காட்டும் வரைபடம் போதாது, யாருக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் அதில் வர வேண்டும். அப்படி வரைந்தால், மருத்துவமனையும் கல்லூரி விடுதியும் அடுத்தடுத்து நிற்கும் கோவை அவிநாசி சாலையின் பீளமேட்டுக்குத்தான் முதலில் பச்சை அடிப்பேன்.