லாவே துறைக்கு மீண்டும் ஒரு பயணம்: ஊலைட் விண்வெளி வணிக விளையாட்டு மதிப்புரை

1996-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்காகத் துபாயிலிருந்து கீழக்கரைக்கு வந்திருந்த என் பெரியம்மா மகன், எங்கள் தெருமுனையில் இருந்த கணினிப் பயிற்சி மையத்துக்கு என்னை அழைத்துச் சென்று, சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாப்பியை எடுத்துக் கணினியில் செருகினார். "இது சும்மா சுடுற கேம் இல்ல தம்பி, யாவாரம் பண்ற கேம்" என்று அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. கறுத்த வானமும், ஒரு கோளும், அதன் அருகே மெல்லச் சுழலும் விண்வெளி நிலையமும் திரையில் தெரிந்தன. கையில் 100 கிரெடிட் பணமும் ஒரு கப்பலும் கொடுத்துவிட்டு, எங்கே போக வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் அந்த விளையாட்டு எனக்காகக் காத்திருந்தது. "இதுல எப்படி ஜெயிக்கிறது, காக்கா?" என்று கேட்டேன்; எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். "ஜெயிக்க ஒண்ணும் இல்ல, போய்க்கிட்டே இருக்கலாம்" என்றார்.

அது 1991-இல் வெளிவந்த எலீட் பிளஸ். நிலையத்துக்குள் இறங்கிய பிறகுதான் அதில் ஆட்டத்தைச் சேமிக்க முடியும் என்பதால், நடுவழியில் மின்சாரம் போனால் ஏற்றிய சரக்கும் சேர்ந்து போய்விடும். அப்படி நான் இழந்த சரக்குகள் பல. அந்த விளையாட்டின் மூலமான எலீட்டை, 1984 செப்டம்பரில் பிபிசி மைக்ரோ என்ற பிரிட்டிஷ் வீட்டுக் கணினிக்காக ஆக்கார்ன்சாஃப்ட் நிறுவனம் வெளியிட்டது. கேம்பிரிட்ஜ் மாணவர்களாக இருந்த டேவிட் பிராபெனும் இயன் பெல்லும் அதை எழுதினார்கள். ஊலைட் என்பது அந்த எலீட்டை இன்றைய கணினிகளுக்காக அடியிலிருந்து மீண்டும் எழுதிய விளையாட்டு. ஜைல்ஸ் வில்லியம்ஸ் மேக் கணினிக்காகத் தொடங்கிய இந்த வேலையைப் பின்னர் பல தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்தார்கள். இப்போது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது, திறந்த மூல உரிமத்தில் முற்றிலும் இலவசமாகக் கிடைக்கிறது. கடந்த நான்கு மாதங்களாக இரவு உணவுக்குப் பிறகு, எட்டு ஆண்டுப் பழைய மடிக்கணினியில் இதை விளையாடிப் பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பிரபஞ்சம் எப்படி உருவானது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் ஏக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. பிபிசி மைக்ரோவின் நினைவகம் வெறும் 32 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதைப்போல நூறு மடங்கு இருக்கும். அந்த இடத்துக்குள் எட்டு விண்மீன் மண்டலங்களும், மண்டலத்துக்கு 256 கோள்களுமாக மொத்தம் 2048 கோள்களைப் பட்டியலிட்டு வைக்க வழியில்லை. ஆகவே அவர்கள் பட்டியலே வைக்கவில்லை. ஆறு பைட் கொண்ட ஒரு வித்து எண்ணை வைத்துக்கொண்டு, கூட்டல் கணக்கால் அடுத்தடுத்த எண்களைப் பிறப்பித்து, அவற்றிலிருந்து கோளின் பெயர், ஆட்சிமுறை, பொருளாதாரம், மக்கள்தொகை எல்லாவற்றையும் வரவழைத்தார்கள். வித்தின் ஒவ்வொரு பைட்டையும் ஒரு பிட் இடப்புறம் சுழற்றினால் அடுத்த மண்டலம் கிடைக்கும். எட்டாவது சுழற்சியில் பழைய எண்ணே திரும்பி வந்துவிடும். இந்த முறையில் 281 லட்சம் கோடி மண்டலங்களைக்கூட உருவாக்க முடியும் என்றபோது, அவ்வளவு பெரிய எண்ணிக்கை, மண்டலங்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று வெளியீட்டாளர் தடுத்து, எட்டோடு நிறுத்தச் சொன்னார். அது மிகச் சரியான முடிவு என்பதே என் கருத்து.

பெயர்கள் பிறந்த விதமும் அழகானது. இரண்டிரண்டு ஆங்கில எழுத்துகள் கொண்ட துண்டுகளை அந்த எண்கள் கோத்துக்கொண்டே போகும். நாம் முதலில் நிற்கும் கோளின் பெயர் லாவே. பக்கத்துக் கோள் டிசோ. ஆங்கிலத்தில் துண்டுகளாகத் தெரிபவை தமிழில் எழுதும்போது லா, வே, டி, சோ என்று முழு எழுத்துகளாகவே உட்கார்ந்துவிடுகின்றன. உயிர்மெய் எழுத்து படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் நாக்கில் எளிதாகப் பதிந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஊலைட் இதே பெயர்களையும் இதே கோள்களையும் அப்படியே வைத்திருக்கிறது.

வணிகத்துக்கு வருவோம். லாவே வேளாண் கோள். அங்கே உணவு மலிவு, கணினிகள் விலை கூடுதல். தொழில்துறைக் கோளான சாவோன்சேயில் நிலைமை தலைகீழ். கையில் 100 கிரெடிட்டும் 20 டன் கொள்ளும் சரக்கறையும் இருக்கும் ஆரம்ப நாட்களில், உணவை ஏற்றிக்கொண்டு போனால் டன்னுக்கு இரண்டு மூன்று கிரெடிட்தான் மிஞ்சும்; கணினிகளை நிறைய வாங்கும் அளவுக்குக் கை நிமிர்ந்த பிறகே லாபம் கண்ணுக்குத் தெரியும். கொழும்புக்குக் கருப்பட்டியும் கருவாடும் ஏற்றிய தோணி ஒன்றில் கணக்கு எழுதியவர் என் பாட்டனார். வெறுந்தோணியாகத் திரும்பினால் அந்த நடை நட்டம் என்று வீட்டில் அடிக்கடி சொல்வார். அந்தக் கணக்கின் பொருள் எனக்கு விளங்கியது, பள்ளி வணிகவியலில் அல்ல, லாவேக்கும் சாவோன்சேக்கும் இடையே ஓடியபோதுதான். பொன்னும் பிளாட்டினமும் கிலோக் கணக்கிலும், இரத்தினக் கற்கள் கிராம் கணக்கிலும் விற்கப்படுகின்றன. சிறிய அளவில் அவை சரக்கறையில் இடமே பிடிப்பதில்லை. முத்தும் கல்லும் மடியில் முடிந்துகொண்டு கடல் கடந்த வணிகர்களின் ஊரில் பிறந்த எனக்கு, இந்த நுணுக்கம் ஒன்றே அந்த மாணவர்கள் மீது மதிப்பை உண்டாக்கியது.

பழைய எலீட்டில் இல்லாமல் ஊலைட்டில் வந்து சேர்ந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒப்பந்தச் சரக்கு. இந்த நாளுக்குள் இந்தக் கோளில் சேர்க்க வேண்டும் என்று சரக்கையோ, பயணிகளையோ, சிறு பொதிகளையோ நம்பி ஒப்படைக்கிறார்கள். சொன்னபடி சேர்த்தால் நம் பெயர் வளர்ந்து, அடுத்த முறை பெரிய ஒப்பந்தம் கிடைக்கிறது. இங்கே ஒரு விதி அருமையாக வேலை செய்கிறது. இரண்டு கோள்களுக்கு இடையே எத்தனை ஒளியாண்டோ, அந்த எண்ணின் வர்க்கம் எவ்வளவோ அத்தனை மணி நேரம், ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒரே பாய்ச்சலில் போகும் தாவலுக்குச் செலவாகும். கப்பலின் எரிபொருள் கொள்ளளவான ஏழு ஒளியாண்டையும் ஒரே தாவலில் கடந்தால் 49 மணி நேரம். அதே தூரத்தை மூன்றரை மூன்றரையாக இரண்டு தாவலில் கடந்தால் இருபத்து நாலரை மணி நேரம். நாள் கெடு நெருங்கும்போது, பாதி வழியில் இருக்கும் கோள் கொள்ளையர் நிறைந்ததா, அங்கே இறங்கிப் போகத் துணிவதா, நீண்ட தாவலில் நேரத்தை இழப்பதா என்று வரைபடத்தை வைத்துக்கொண்டு யோசிக்கும் அந்த அரைமணி நேரத்துக்காகவே இந்த விளையாட்டை ஒருவர் தேடிப் போகலாம்.

அடுத்தது நிலையத்துக்குள் இறங்குவது. எலீட் விளையாடிய எவரும் இதை மறந்திருக்க மாட்டார்கள். நிலையம் தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருக்கும். அதன் வாயில் ஒரு குறுகிய செவ்வகம். கப்பலையும் அதே வேகத்தில் உருட்டி, நேர்கோட்டில் மெதுவாக நுழைக்க வேண்டும், விளிம்பில் இடித்தால் கப்பல் சிதறிவிடும். வாயில் எப்போதும் கோளைப் பார்த்தே இருக்கும் என்ற இரகசியத்தைக் காக்கா சொல்லித் தரும்வரை, நிலையத்தின் பின்புறத்தில் நான் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். சிறு வயதில் பாம்பனில் உறவினர் வீட்டுக்குப் போகும்போது, சாலைப் பாலத்தின் மீது நின்று, 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதியை ஊழியர்கள் கையாலேயே நெம்புகோல்களைச் சுற்றித் தூக்குவதையும், இரண்டு பகுதிகளும் மேலெழுந்த பிறகு அந்த இடைவெளியில் கப்பல்கள் ஒவ்வொன்றாக, பக்கத்துத் தூண்களில் உரசாமல் நகர்ந்து போவதையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். திரையில் அந்தச் செவ்வக வாயில் நெருங்கும்போது எனக்கு வரும் படபடப்பு அதே படபடப்புதான். 1984 விலைப்பட்டியலில் தானே இறங்க உதவும் கருவிக்கு 1,500 கிரெடிட். வாங்கக் கூடிய அளவுக்குப் பணம் சேர்ந்த பிறகும் நான் நெடுநாள் அதை வாங்கவில்லை.

ஊலைட்டின் வானம் நமக்காக மட்டும் இயங்கும் வானம் அன்று. மற்ற வணிகக் கப்பல்கள் அவற்றின் வேலையைப் பார்த்துக்கொண்டு போகின்றன. கொள்ளையர்கள் அவற்றை வழிமறிக்கிறார்கள். காவல் கப்பல்கள் ஓடி வருகின்றன. யாரோ ஒருவருடைய சண்டையை நாம் தொலைவில் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகலாம், உதவிக்கும் போகலாம். கொள்ளையர் கூட்டம் நம்மைச் சூழ்ந்தால் சரக்கில் ஒரு பங்கை வெளியே தள்ளி உயிர் தப்பவும் சில சமயம் முடியும். போர்த்திறனுக்கான தர வரிசையில் உச்சமான எலீட் பட்டத்துக்கு 6,400 கப்பல்களை வீழ்த்த வேண்டும் என்பது பழைய கணக்கு. எனக்கு அந்தப் பட்டத்தில் நாட்டமில்லை. அடிமைகளும் போதைப்பொருளும் இந்தச் சந்தையில் சரக்குகளாக இருப்பது இன்றும் மனத்தை உறுத்துகிறது. அவற்றை ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் சட்டம் நம்மைக் குற்றவாளியாகக் குறித்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆயினும் கடத்தலால் எத்தனை குடும்பங்கள் சீரழியும் என்பதைப் பார்த்தே வளர்ந்த கரை இது; நான் அவற்றை ஒருமுறைகூட ஏற்றியதில்லை.

குறைகளும் உண்டு. வேறொரு கப்பல் அருகில் இருக்கும்வரை விரைவு உந்துவிசை இயங்காது என்பதால், நிலையத்தை நோக்கிய பயணம் சில வேளைகளில் காரணமே இல்லாமல் நீண்டுவிடுகிறது. வேலை முடித்துக் களைத்து வந்து அமர்பவருக்கு இது பெரும் சோதனை. விசைப்பலகையின் பெரும்பாலான விசைகளுக்கு ஒவ்வொரு வேலை இருக்கிறது. தொடக்கப் பயிற்சி ஒன்று சேர்க்கப்பட்டிருந்தாலும், புதியவர் ஒருவர் முதல் வாரத்தில் பலமுறை மடிவார் என்பதைத் தவிர்க்க முடியாது. எழுத்தெல்லாம் ஆங்கிலம் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குத் தடையாக இருக்கும். விளையாட்டுக்குள்ளிருந்தே இறக்கிக்கொள்ளும் கூடுதல் தொகுப்புகள் ஏராளம். ஆனால் அவற்றின் தரம் ஒன்றுபோல் இல்லை, கைக்கு வந்ததையெல்லாம் சேர்த்தால் விளையாட்டின் சமநிலை குலைந்துவிடும். முதல் மாதம் எதையும் சேர்க்காமல் விளையாடுவதே நல்லது.

இதே வழியில் வந்த மற்ற விளையாட்டுகளையும் பார்த்திருக்கிறேன். 1993-இல் வந்த ஃபிரண்டியர், நியூட்டன் விதிப்படி கப்பலை ஓட்டச் சொன்னது. பிரமிப்புக்கு உரியதுதான், ஆனால் அதில் சண்டை எனக்குக் கைவரவே இல்லை. 2003-இன் ஃப்ரீலான்சர் கதை சொல்லி இழுத்துச் சென்றது. 2014-இன் எலீட் டேஞ்சரஸ் 40,000 கோடி விண்மீன்களோடு நம் பால்வீதியையே அளவு மாறாமல் கட்டியிருக்கிறது. ஆனால் தனியாக விளையாடுவதற்கும் இணையம் வேண்டும். புயல் எச்சரிக்கை நாட்களில் இணையம் நின்றுபோகும் எங்கள் ஊரில் அது பெரிய குறை. ஊலைட்டை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் போதும்.

எனினும் நான் ஊலைட்டுக்குத் திரும்பியதன் உண்மையான காரணம் வேறு. பாட்டனார் தலைமன்னாருக்குக் கப்பலேறிய தனுஷ்கோடித் துறை 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்தது; நான் பார்த்தது இடிந்த தேவாலயச் சுவர்களை மட்டுமே. நான் வேடிக்கை பார்த்த பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரல் 6 அன்று செங்குத்தாக உயரும் புதிய பாலம் திறக்கப்பட்டது. அந்தக் கணினிப் பயிற்சி மையம் இருந்த இடத்தில் இப்போது வேறு கட்டடம் நிற்கிறது. லாவே மட்டும் ஓர் எண்ணிலிருந்து பிறந்தது என்பதால், எந்தக் கணினியில், எந்த ஆண்டில் திறந்தாலும் அதே மழைக்காடுகளோடும் மரப்புழுக்களோடும், அதே வேளாண் கோளாக, டிசோவுக்கு அருகே அதே இடத்தில் இருக்கிறது. முப்பது ஆண்டுக்குப் பிறகு அந்தப் பெயரைத் திரையில் கண்டபோது, ஊருக்கு வந்து இறங்கியது போலவே இருந்தது.

துபாயிலிருந்து ஓய்வு பெற்று வந்து இப்போது இதே தெருவில் இருக்கும் காக்காவுக்கு, சென்ற வாரம் அவர் மகனின் கணினியில் ஊலைட்டை நிறுவிக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிக்கொண்டே, "லாவேல சாப்பாட்டுச் சாமான் இப்ப என்ன விலை போகுது?" என்று கேட்டார். "நாலு கிரெடிட் பக்கத்துலதான், காக்கா" என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அப்ப இருவது டன்னும் ஏத்து" என்றார்.